கை கால் மரத்துப் போகிறதா? நாக்கின் நிறம் மாறுகிறதா?



பகல் முழுவதும் வயலில் குனிந்து வேலை செய்கிறீர்கள். இரவில் பாயில் படுத்தால் பாதம் மதமதவென்று இருக்கிறது. விரல் நுனியில் எறும்பு ஊறுவது போல் தோன்றுகிறது. "வேலை அலுப்பு, விடிஞ்சா சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அலுப்பு என்றால் விடிந்ததும் போய்விடும். சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்த காலும் நீட்டினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மரமரப்பு நாள் கணக்கில் நீடித்தால் காரணத்தைத் தேட வேண்டும். முக்கியமான காரணங்களைக் கீழே படியுங்கள்.

1. சத்துக் குறைவு

நல்ல நாக்கு இளஞ்சிவப்பாக, லேசான சொரசொரப்புடன் இருக்கும். நாக்கும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம். நாக்கு சிவந்து வழவழப்பாகி, காரம் பட்டால் எரிந்து, கூடவே இரண்டு பாதமும் மரத்தால் பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். இந்த வைட்டமின் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. கீரை, காய், தானியத்தில் இல்லை. நாள்பட விட்டால் நரம்பு கெட்டு நடை தள்ளாடும். ஊசியாலும் மாத்திரையாலும் இதைச் சரிசெய்யலாம்.

பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதே மனைவிக்கு. "எனக்கு என்னங்க, ரசம் போதும்" என்பாள். கணவன்மாரே, அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். முட்டையோ ஒரு தம்ளர் பாலோ அவளுக்கும் எடுத்து வையுங்கள். பெண்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் குறையாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு டீ, காபி குடிக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போவது கண்டு நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரையின் நிறமே.

2. சர்க்கரை நோய்

இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் மரமரப்பு தொடங்கி மெல்ல மேலேறும். சிலருக்கு இரவில் பாதம் எரியும். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. புண் சீழ் வைத்த பிறகே கண்ணில் படும். இப்படித்தான் பலர் விரலையும் காலையும் இழக்கிறார்கள். உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம். ஆகவே இரவில் கணவன் பாதத்தை மனைவியும், மனைவி பாதத்தை கணவனும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வயலுக்கும் வரப்புக்கும் வெறுங்காலுடன் போகாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

3. தொழுநோய்

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் உடனே காட்டுங்கள். அரிக்காது, வலிக்காது, அதனாலேயே பலர் அதைச் சட்டை செய்வதில்லை. இது பாவத்தால் வருவதல்ல, பரம்பரை நோயும் அல்ல. 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த கிருமியே காரணம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் மருந்து சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கியபின் மற்றவருக்குப் பரவும் நிலை விரைவில் நின்றுவிடும்.

"தெரிஞ்சா அவர் என்னைத் தள்ளி வச்சிருவார்" என்று பயந்து தேமலைப் புடவைத் தலைப்பால் மறைக்கும் பெண்கள் உண்டு. மறைத்த மாதங்களில்தான் விரல் மடங்கிப் போகிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாதபடி 2019இல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே ஒளிக்க வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

4. மதுவும் புகையிலையும்

தினமும் குடிப்பவருக்கு நரம்புக்கு வேண்டிய தயாமின் சத்து குறைந்து கால் மரக்கும், எரியும். வெற்றிலையோடு புகையிலையை வாயில் அடக்குபவர்கள் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் கண்ணாடியில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். தொடக்கத்தில் வந்தால் காப்பாற்றலாம்.

5. கர்ப்ப காலத்தில்

கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப் போவது கர்ப்பிணிகளிடம் காணப்படுவதே. மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் இது வருகிறது. பெரும்பாலும் பிரசவத்திற்குப் பின் தானாகப் போய்விடும். ஆனால் முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் சேர்ந்தால் இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

* திடீரென்று ஒரு பக்கக் கை கால் மரத்துச் செயலிழப்பது, வாய் கோணுவது, நாக்கு குழறுவது பக்கவாதம். இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். மந்திரிப்பதிலும் எண்ணெய் தேய்ப்பதிலும் அந்த நேரத்தை இழக்காதீர்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.
* தரையில் படுத்து எழுந்தவருக்குக் கண் இமை தொங்கி, நாக்கு தடித்து, பேச்சு குழறினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடிவாய் வலிக்காது, கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

இரண்டிற்கும் 108 எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

இன்று இரவே செய்யுங்கள்

விளக்கடியில் உட்கார்ந்து ஒருவர் நாக்கையும் பாதத்தையும் தோலையும் மற்றவர் பாருங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இருவரும் சேர்ந்து போங்கள். "நீ போய்ட்டு வா" என்று சொல்ல வேண்டாம், கூடவே போங்கள்.