கைவினை நகைத் தொழிலுக்குக் கணக்கு மென்பொருள்

தறி ஓடாத வேளைகளில் எஞ்சிய பட்டு நூலைக் கொண்டு வளையலும் ஜிமிக்கியும் கழுத்தணியும் செய்து விற்கும் தொழில் நமது நெசவுக் குடும்பங்கள் சிலவற்றில் வேரூன்றியிருக்கிறது. விளையாட்டாய்த் தொடங்கிய வேலை நாளடைவில் வளர்ந்து, மணியும் கல்லும் வெளியிலிருந்து வாங்கி, அண்டை வீட்டாருக்குக் கூலிக்குக் கொடுத்துச் செய்விக்கும் நிலையை அடைந்ததும், பழைய நோட்டுப் புத்தகம் போதவில்லை. "கணக்கு வைக்க எந்த மென்பொருளை வாங்கலாம்?" என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். மென்பொருளின் பெயரைக் கூறுமுன், அது சுமக்கவேண்டிய கணக்கு எத்தகையது என்பதை ஆராய்வோம்.

ஒரு ஜோடி ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். பட்டு நூல் 6 ரூபாய், அடிக்கிண்ணம் 8 ரூபாய், மணியும் கல்சங்கிலியும் 9 ரூபாய், கொக்கியும் திருகும் 4 ரூபாய், பசை 2 ரூபாய், அட்டைப்பெட்டி 6 ரூபாய், கூலி 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அடக்கவிலை 65 ரூபாய் ஆகிறது. இதனை 80 ரூபாய்க்கு விற்கும் கடைக்காரர் நூற்றுக்கு 20 வீதம் தம் கழிவை எடுத்துக்கொண்டு 64 ரூபாயைத் தருகிறார். ஜோடிக்கு ஒரு ரூபாய் நஷ்டம்! ஆனால் செய்பவரோ கொக்கியையும் பசையையும் பெட்டியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடக்கம் 53 ரூபாய் என்றும், 11 ரூபாய் லாபம் என்றும் எண்ணி மகிழ்கிறார். விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகுகிறது. பண்டிகைக் காலத்தில் ஓய்வின்றி உழைத்தும் கையில் பணம் தங்கவில்லையே என்று வருந்துவோரில் பலருடைய நிலை இதுவே.

ஆகவே நகைத் தொழிலுக்குரிய மென்பொருளிடம் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பட்டியல் அழகாக அச்சாகுமா என்பதன்று. மூலப்பொருள்கள் சேர்ந்து ஒரு நகையாக மாறும் கணக்கை அது அறியுமா என்பதே. பத்து ஜோடி முடிந்தது என்று பதிந்தவுடன், பத்து ஜோடிக்குரிய கிண்ணமும் மணியும் கொக்கியும் பெட்டியும் இருப்பிலிருந்து தாமே குறைய வேண்டும். வாங்கி விற்கும் மளிகைக் கடைக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. சரக்கு வரும், சரக்குப் போகும். நடுவில் ஒன்று மற்றொன்றாக மாறுவதை அவை அறியா.

இதிலே நெசவாளர்களாகிய நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. சங்கத்தில் பட்டும் ஜரிகையும் எடை போட்டு நெசவாளரிடம் கொடுக்கப்படுகின்றன. சேலை வந்ததும் அதன் எடை, மீந்த நூல், கழிவு ஆகிய மூன்றும் கொடுத்த எடையோடு ஒத்துப்பார்க்கப்படுகின்றன. நூல் நெசவாளர் வீட்டில் இருப்பினும் அது சங்கத்தின் இருப்பே. வீட்டு வேலைக்குக் கொடுக்கும் மணிக்கும் வெள்ளிக் கம்பிக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். எவரிடம் எவ்வளவு கொடுத்தோம், என்ன திரும்பிற்று, சேதாரம் எவ்வளவு என்று ஆள்வாரியாகக் காட்ட இயலாத மென்பொருளை விலையின்றித் தந்தாலும் வேண்டாம் என்போம்.

கடையிலும் பொருட்காட்சியிலும் விற்பனைக்கு வைத்த சரக்குக்கும் இது பொருந்தும். கடைக்காரரிடம் 40 ஜோடி கொடுத்தோம், 22 விற்றன, 11 திரும்பின. மீதி ஏழு எங்கே? கொடுத்த நாளன்றே விற்பனையாக எழுதிவிட்டால் இக்கேள்வி எழவே எழாது. கடையைத் தனியொரு கிடங்காகப் பதிந்து, சரக்கை அங்கே மாற்றியதாக எழுத இடம் இருக்க வேண்டும்.

அளவைகளிலும் கவனம் வேண்டும். மணியை எடையில் வாங்கி எண்ணிக்கையில் செலவிடுகிறோம்; கல்சங்கிலியை மீட்டரில் வாங்கி அங்குலத்தில் வெட்டுகிறோம். 10 கிராம் நிறுத்து எண்ணிப் பார்த்ததில் 140 மணி இருப்பின், கிலோவுக்கு 14,000 என்று கொள்ளலாம். ஒரே சரக்குக்கு இவ்வாறு இரண்டு அளவை வைக்க மென்பொருள் இடந்தர வேண்டும். வரி வீதமும் சரக்குக்குச் சரக்கு வேறுபடும். பொன், வெள்ளி நகைகளுக்கும் கவரிங் முதலிய போலி நகைகளுக்கும் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், சாதாரணக் கண்ணாடி வளையலுக்கு வரியில்லை.

இனிப் பெயர்களுக்கு வருவோம். பெங்களூரில் 1986-இல் தோன்றிய நிறுவனத்தின் டாலியில், ஒரு நகைக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பதிந்து வைக்கவும், கூலி வேலைக்குப் பொருள் அனுப்பியதையும் திரும்பப் பெற்றதையும் தனிச் சீட்டுகளாக எழுதவும் இயலும். உள்ளூரில் அதனை அறிந்த கணக்கர் எளிதில் கிடைப்பர் என்பது பெரிய அனுகூலம். ஆனால் கற்றுக்கொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மென்பொருள்கள் இணையத்தின் வழி இயங்குவன. சந்தா செலுத்திக் கைப்பேசியிலேயே எழுதலாம். பல பொருள் சேர்ந்து ஒன்றாகும் கணக்கு அதன் 'ஸோஹோ இன்வென்டரி'யில் உண்டு. க்னூகேஷ் விலையின்றிக் கிடைப்பது. இரட்டைப் பதிவு முறையில் பேரேட்டைச் செம்மையாக வைக்கும். ஆயினும் சரக்கிருப்புக் கணக்கு அதில் இல்லாமையால் அதற்கு வேறு ஏடு வைக்கவேண்டும். நால்வர் ஐவர் செய்யும் சிறு தொழிலுக்கு, க்னூகேஷும் எக்ஸெல் தாளில் ஓர் இருப்புப் பதிவேடும் முதல் ஆண்டுக்குப் போதும் என்பது நமது அபிப்பிராயம். கூலிக்குப் பொருள் கொடுப்பது பத்து வீடுகளைத் தாண்டுமாயின் டாலியை நாடலாம்.

பேரேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிப்பதில்லை. கோடிட்டு, சரியானதை எழுதிக் கையொப்பமிடுகிறோம். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்பொழுது எதனைத் திருத்தினார் என்னும் சுவடு அழியாது நிற்கவேண்டும் என்பது 1-4-2023 முதல் விதியாக நடைமுறையில் உள்ளது. தனியார் வீட்டுத் தொழிலை இவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் இருவர் மூவர் கூடி நடத்தும் தொழிலில் அச்சுவடு பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

நம் கணக்கை நாமே எடுத்துச் செல்ல இயலுமா என்பதையும் பணம் கட்டுமுன்னரே கேட்டறிதல் நன்று. குவிக்புக்ஸ் என்னும் அமெரிக்க மென்பொருளை நம்பியிருந்த இந்திய வணிகர்கள், 2023-இல் அது இந்நாட்டில் நிறுத்தப்பட்டபொழுது தம் கணக்குகளை வேறிடம் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மாதந்தோறும் பேரேடு, இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி மூன்றையும் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் ஒத்திகை பார்த்தல் அவசியம். பெரும்பாலான மென்பொருள்களைச் சில நாட்களுக்கு விலையின்றி இயக்கிப் பார்க்கத் தருகின்றனர். அந்நாட்களில் மாதிரிப் பட்டியல் அச்சிட்டு மகிழாமல், நமது சென்ற மாதக் கொள்முதலையும், இருபது ஜோடி செய்ததையும், ஒரு வீட்டுக்கு மணி கொடுத்து வாங்கியதையும், ஒரு கடையிலிருந்து சரக்குத் திரும்பியதையும் எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு பெட்டிகளைத் திறந்து எண்ண வேண்டும். எண்ணிய தொகையும் திரையில் தோன்றும் தொகையும் ஒத்துவந்தால் வாங்கலாம். புதுக்கணக்கை ஏப்ரல் முதல் தேதியில் தொடங்குவது வசதி. மார்ச் 31 மாலை, வீடுகளில் கொடுத்தது உட்பட எல்லா மணியையும் கம்பியையும் நிறுத்து எழுதிய தாளே அதன் முதற் பக்கம்.