தூரத்துக் கடையில் மின்சைக்கிள்

ஸ்கூடாய் பக்கம் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் நம்ம பையன்கள் பலர் இப்போது மின்சைக்கிள் விலை பார்க்கிறார்கள். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்கிறது விளம்பரம். பாதி உண்மைதான்.

நம் நாட்டில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் அது சைக்கிள். 750 வாட், 45 கிலோமீட்டர் என்று விற்பது சட்டத்தின் கண்ணில் சைக்கிளே இல்லை. மின் ஸ்கூட்டர் போன்றவற்றுக்குப் பொதுச்சாலையில் 2021 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. ஜே.பி.ஜே. மடக்கினால் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளருக்கு என்ன கவலை?

அடுத்து, "ஒரு சார்ஜில் 120 கிலோமீட்டர்". கொஞ்சம் கணக்கு போடுவோமா? 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கிப் பாருங்கள், 360 வாட்-மணி. மிதிக்காமல், சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றையும் உராய்வையும் எதிர்க்கவே சுமார் 150 வாட் வேண்டும். 360ஐ 150ஆல் வகுத்தால் 2.4 மணி நேரம், 60 கிலோமீட்டர். மோட்டார் இழப்பு, மேடு, சிக்னல் எல்லாம் சேர்ந்தால் அதுவும் வராது. விளம்பரத்தில் வாட்-மணியே போடவில்லை என்றால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

பெரிய சிக்கல் பேட்டரிதான். எங்கள் மாடி வீட்டு அண்ணன் ஒருவருக்கு வந்த வண்டியில் சார்ஜே ஏறவில்லை. "திருப்பி அனுப்புங்க, மாத்தித் தர்றோம்" என்றார்கள். கூரியர் கவுண்டரில் பேட்டரியை வாங்க மறுத்துவிட்டார்கள். லித்தியம் பேட்டரி அபாயப் பொருள் பட்டியலில் 9ஆம் வகுப்பு. தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் தடை. இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போட்ட வண்டி இப்போது படிக்கட்டின் கீழே நிற்கிறது. அந்தப் பழுதான பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் செய்து பார்க்காதீங்க அண்ணே என்று நாங்கள்தான் தடுத்தோம். தீப்பிடித்தால் அறையோடு போகும்.

உள்ளூர் விற்பனையாளர் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இங்கே முகவரியே இல்லாதவனிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் எப்படி வசூலிப்பது?

தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணை முதலில் தட்டிப் பாருங்கள். போட்டபின் ஏமாற்று என்று தெரிந்தால் உடனே 997. அப்புறம், வாங்குமுன் உங்கள் தாமான் சைக்கிள் கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, "இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணுவீங்களா அங்கிள்?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் மட்டும் மேலே பேசலாம்.