சைவத்தில் ஏது கறி?

பொங்கலூர்

அன்புள்ள கண்ணு,

விடுதிச் சாப்பாட்டுப் பலகையில் ‘வெஜ் கறி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “சைவத்தில் ஏது கறி, அப்புச்சி?” என்று கேட்டிருந்தாய். உனக்கு அப்படித் தோன்றியதில் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் “கறி எடுத்தாச்சா?” என்று கேட்டுக்கொள்கிற ஊரில் பிறந்தவள் நீ. பல்லடத்தில் விலை சொல்வதும் கறிக்கோழிக்குத்தான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நமக்கு வெஞ்சனம் என்ற சொல் இருக்கிறது. கறி இறைச்சிக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ஆனால் சந்தையிலிருந்து அமுச்சி வாங்கி வருவது காய்கறி அல்லவா? அந்தக் கறியில் இறைச்சி எங்கே? யாழ்ப்பாணத்தில் காய்கறிக்கே மரக்கறி என்றுதான் பெயர். ஐயங்கார் வீடுகளில் பொரியல் கறியமுது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், சாமிக்குப் படைப்பவற்றிலும் கறியமுது வருகிறது. உன் விடுதிப் பலகையில் இருப்பது பழைய வழக்குத்தான்.

அதற்கும் பின்னே போனால் பொருளே வேறு. அகநானூற்றின் 149ஆம் பாட்டைத் தமிழாசிரியரிடம் கேட்டுப் படி. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து, பதிலுக்கு ஏற்றிப்போகும் சரக்கின் பெயர் கறி. மிளகைத்தான் அப்படிச் சொன்னார்கள். மிளகாய் அன்று இந்த நாட்டிலேயே கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. காரம் என்றால் மிளகு. மிளகிட்டுச் சமைத்ததற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது என்றே நான் எண்ணுகிறேன்.

போர்த்துகீசியர் நாவில் அது ‘கரில்’ ஆயிற்று. 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்த லின்ஸ்ஷோட்டனின் பயண நூலில் அதன் சாயலிலேயே வருகிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் ‘இந்திய முறையில் கறி’ என்றே ஒரு குறிப்பு உண்டு. இரண்டு கோழி அல்லது முயல், மூன்று நான்கு சிறிய வெங்காயம், மிளகு முப்பது. எண்ணிச் சொல்கிறார்! கொத்தமல்லி விதையை நெருப்பில் வறுத்து இடிக்கவும் சொல்கிறார். அதைப் படித்தபோது அமுச்சி மல்லி வறுக்கும் வாசம் எனக்கு வந்தது. மிளகாய் அதில் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். 1390 வாக்கில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த ஏட்டுக்கு ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்று பெயர். இதைக் காட்டி, கறி இங்கிலாந்துச் சொல்லே என்பாரும் உண்டு. அந்தக் ‘கியூரி’ பழைய பிரெஞ்சு வழி வந்தது. சமையல் என்று பொருள், அவ்வளவுதான். 1886இல் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியைத் தந்த யூலும் பர்னலும் தமிழ்க் கறியைத்தான் மூலமாகக் காட்டினார்கள். இரண்டு சொல் காதுக்கு ஒன்றாகக் கேட்டதும் உறவு கட்டிவிடாதே கண்ணு. யார் வாயிலிருந்து யார் வாய்க்கு, எந்த ஆண்டில் போயிற்று என்று பார்.

உன் அறையில் நாகர்கோவில் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவள் வீட்டில் எதையெல்லாம் கறி என்பார்கள்? கேட்டு எழுது.

அன்புடன்,
அப்புச்சி