சரக்கு எங்கே இறங்குகிறது?

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அவர் கையில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. அதற்கப்புறம் சொந்தமாக வாங்கியவைதான் காலியாவும் லாவோவும்.

மாதச் சந்தா கட்டிப் படம் வரைகிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். சந்தா நின்ற மாதம் மென்பொருள் திறக்காது. ஐந்து வருஷம் வரைந்த கோப்புகள் கணினியில் இருக்கும், திறந்து பார்க்க வழி இருக்காது. கட்டற்ற மென்பொருள் அப்படி இல்லை. இறக்கிக்கொண்ட பிரதி உங்களுடையது, அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

ஆனால் எதை இறக்குவது? "எது பெஸ்ட்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். துறைமுகத்தில் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள்: சரக்கு எங்கே இறங்குகிறது? ஃபிளெக்ஸ் பதாகையிலா, சிவகாசி காலண்டரிலா, செல்போன் திரையிலா? இறங்குமிடம் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கையால் வரைகிறீர்களா? கிரிட்டா

பென்சிலும் தூரிகையும் பழகிய கைக்குக் கிரிட்டாதான் முதல் தேர்வு. வரைவதற்கென்றே உருவானது. பேனா டேப்லெட்டின் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், மெலியும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் வரைந்த கொண்டைய ராஜூவின் பாணியில் மேகமும் பட்டுச்சேலை மடிப்பும் குழைத்துத் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் வேறெங்கும் போக வேண்டாம்.

இன்னொரு வசதி, அச்சுக்குரிய சிஎம்ஒய்கே வண்ணமுறையிலேயே இதில் வேலை செய்யலாம். திரையில் பளிச்சென்று தெரிகிற கடலின் நீலப்பச்சை காகிதத்தில் மங்கிவிடும். அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஒத்திகை பார்க்கிற வசதியும் உண்டு. காலண்டர் வேலைக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வேண்டும். 12க்கு 18 அங்குலப் படம் என்றால் 3600க்கு 5400 புள்ளிகள் என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பிறகு பெரிதாக்கினால் மங்கும்.

புகைப்படமா? கிம்ப்

உப்பளத்தில் நண்பகலில் எடுத்த படத்தைத் திறந்து பாருங்கள். உப்புக் குவியல் வெளுத்துப்போய், வேலை செய்கிறவரின் முகம் இருண்டு கிடக்கும். வெளிச்சத்தைச் சமன்செய்ய, பின்னணியை நீக்க, இரண்டு படங்களை இணைக்க கிம்ப் போதும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் விளைவுகளைப் போட்டபின்னும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். முன்பு போட்டது போட்டதுதான். ஆனால் வெறும் வெள்ளையாகிவிட்ட இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதை எடுக்கும்போதே கவனிக்க வேண்டும். கிம்ப்பில் வரையவும் முடியும், ஆனால் கிரிட்டாவின் கை இதற்கு வராது.

பதாகை, சின்னம், படகின் பெயரா? இன்க்ஸ்கேப்

பத்தடிக்கு எட்டடிப் பதாகையைப் புள்ளிப் படமாக 72 டிபிஐயில் செய்தால்கூட 8640க்கு 6912 புள்ளிகள். பழைய கணினி திணறும். இன்க்ஸ்கேப் புள்ளிகளை அல்ல, கோடுகளின் கணக்கைச் சேமிக்கிறது. தீப்பெட்டி அளவில் வரைந்ததைத் தோணியின் பக்கவாட்டு அளவுக்கு இழுத்தாலும் ஓரம் பிசிறாது.

நண்பரின் வள்ளத்துக்கு ஒருமுறை சங்குச் சின்னம் வரைந்தேன். பெயரின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும் என்று ஒரு சங்கை நகலெடுத்து எச் விசையைத் தட்டினேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டது. சங்கு குளிக்கிற அண்ணாச்சி ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஆயுசு பூரா முங்கியும் எனக்கு ஒரு வலம்புரி அம்புடல. நீ ஒத்த தட்டுல எடுத்துட்டியே!"

திருப்பிப்போட்டால் சுழியின் திசையும் மாறிவிடும், சாதாரணச் சங்கு வலம்புரியாகிவிடும். பக்கம் மாற்ற வேண்டுமானால் சுழற்றுங்கள், கண்ணாடித் திருப்பம் வேண்டாம். கிரிட்டாவில் எம் விசையும் இப்படித்தான் திருப்பும். ஆனால் அங்கே திரும்புவது நம் பார்வை மட்டும், படம் அப்படியே இருக்கும். கோணல் கண்டுபிடிக்க அது நல்ல வழி.

அசைய வேண்டுமா? பிளெண்டர்

வள்ளம் அலையில் ஆட வேண்டும், குளியாள் இறங்க வேண்டும் என்றால் பிளெண்டர். முதலில் இதுவும் ஒரு கம்பெனிச் சரக்குதான். 2002-இல் மக்களிடம் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை விடுவித்தார்கள். லாட்வியாவில் இதைக் கொண்டு செய்த 'ஃப்ளோ' 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆகவே கருவி போதாது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கற்க மாதங்கள் ஆகும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். பத்து நொடி அசைவுக்குக் கிரிட்டாவின் அனிமேஷன் வசதியே போதும்.

தமிழ் எழுத்து வந்தால்

இன்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் கொம்பும் காலும் சரியாக உட்காரும். பிளெண்டரில் எழுத்து உடையலாம். இன்க்ஸ்கேப்பில் எழுதி, கோடாக மாற்றி எடுத்துப் போவதே வழி. பக்கம் பக்கமாக எழுத்து வருகிற மலர், சிறுநூல் என்றால் ஸ்க்ரைபஸ் 1.6 பதிப்பை எடுங்கள். அச்சகத்துக்கு ஏற்ற பிடிஎஃப் அதில்தான் ஒழுங்காக வரும்.

ஃபிளெக்ஸ் கடையில் முதல் கேள்வியே "கர்வ் போட்டாச்சா?" என்பதுதான். எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டீர்களா என்று அர்த்தம். பல கடைகளில் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தான். நம் யூனிகோட் எழுத்து அங்கே கட்டம் கட்டமாகத் தெரியலாம். என் முதல் பதாகையில் ஊர்ப்பெயரே சிதைந்து தொங்கியது. கர்வ் போடுவதற்கு முன், திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமரத்தின் பெயரைத் தாங்கிய 'கேட்டமரான்', 'முக்த மலர்', 'மீரா இனிமை' எல்லாம் திறந்த உரிம எழுத்துருக்கள். கூலிக்குச் செய்யும் வேலையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எந்த உரிமம்?

மென்பொருள் கட்டற்றது என்பதால் உங்கள் படமும் பொதுவாகிவிடாது. படம் உங்களுடையது, விற்கலாம், பூட்டியும் வைக்கலாம். பகிர நினைத்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை எடுங்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படம் ஊரெல்லாம் பரவினால் போதும், பெயர் வந்தால் சரி என்பவருக்கு சிசி பிஒய். டேவிட் ரெவுவா கிரிட்டாவில் வரையும் 'பெப்பர் அண்ட் கேரட்' சித்திரக்கதை இந்த உரிமத்தில்தான் வருகிறது. பிரான்ஸில் பெரிய பதிப்பகமே அதைப் புத்தகமாகப் போட்டது. நம் படத்தை எடுத்து மாற்றிப் பகிர்கிறவர் அதையும் இதே உரிமத்தில் வைக்க வேண்டும் என்றால் பிஒய்-எஸ்ஏ. கடைக்காரர் டீ-ஷர்ட்டில் போட்டு விற்கக் கூடாது என்றால் பிஒய்-என்சி. ஆனால் அதில் ஒரு சிக்கல்: விக்கிமீடியா பொதுவகம் அதை ஏற்காது, விலைபோட்ட திருவிழா மலர்க்காரரும் தயங்குவார். எந்த நிபந்தனையும் வேண்டாம் என்றால் சிசி ஜீரோ. என் தேர்வு, சங்கு, வள்ளம் போன்ற பொதுச் சித்திரங்களுக்கு பிஒய்-எஸ்ஏ. கூலிக்கு வரைந்ததற்கு உரிமம் எதுவும் இல்லை, ஒப்பந்தம்தான்.

அடுத்தவர் படத்தை எடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள். நம் சட்டப்படி படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டு உரிமை உண்டு. சங்கு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட நூலின் படங்களை எடுக்கலாம், அவர் 1949-இல் மறைந்தவர். கொண்டைய ராஜூ 1976-இல் மறைந்தார். அவர் ஓவியங்கள் 2037 பிறந்தால்தான் பொதுவாகும். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக ஸ்கேன் செய்து காலண்டர் போட முடியாது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் எழுத்துரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அன்று அதற்கு ஓர் அரசு தேவைப்பட்டது. இன்று படத்தின் ஓரத்தில் ஒரு வரி போதும்: படம், உங்கள் பெயர், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. கோப்பை அனுப்புவதற்கு முன் அந்த வரியை எழுதிவிடுங்கள். கர்வ் போடவும் மறக்க வேண்டாம்.