வீரியமான மருந்தே நல்ல மருந்தா?

கேள்வி: கடுமையான நிமோனியாவுடன் அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிறார். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என இரண்டு ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். இன்னும் வீரியமான மெரோபெனத்தையே முதலில் போட்டால் என்ன?

பதில்: எந்தக் கிருமியாக இருக்கக்கூடும் என்பதை வைத்துத்தான் ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வீரியத்தை வைத்து அல்ல. வீட்டிலிருந்தவருக்கு வரும் நிமோனியாவில் அடிக்கடி காணப்படும் பாக்டீரியா நிமோகாக்கஸ். அதன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்கிறது செஃப்ட்ரியாக்சோன். நிமோனியா தரும் மற்றொரு பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது. இன்னொன்றான லெஜியோனெல்லா நம் செல்லுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். மெரோபெனமும் செல்சுவரைத் தாக்கும் மருந்துதான் என்பதால் இவ்விரண்டிடமும் பலிக்காது. அந்த இடைவெளியை அடைக்கவே அசித்ரோமைசின். 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் கடுமையான நிமோனியாவுக்கு இப்படிப்பட்ட கூட்டு மருந்தைத்தான் சொல்கிறது.

‘உயிருக்குப் போராடும்போது கணக்குப் பார்ப்பதா?’ என்று கேட்கலாம். நியாயம்தான். முன்பே சளியில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருந்தவருக்கும், கடந்த 90 நாட்களுக்குள் மருத்துவமனையில் தங்கி ஊசிவழி ஆன்டிபயாடிக் பெற்றவருக்கும் முதல் டோஸிலேயே அகன்ற வீச்சுள்ள மருந்து தேவை. கல்ச்சரில் அந்தக் கிருமி இல்லையென்றால் 48 மணி நேரத்தில் குறைத்துவிடலாம். மற்றவர்களுக்கு மெரோபெனம் தருவதில் கூடுதல் பலன் இல்லை. அதற்கும் அடங்காத கிருமிகளைத்தான் வளர்த்துவிடுவோம். அப்பா கடந்த மூன்று மாதங்களில் சாப்பிட்ட மாத்திரைகள், போட்ட ஊசிகளின் சீட்டுகளைத் தேடியெடுத்து இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.