பயிற்சிக்குச் செல்வோரும் உடல் உழைப்பும்

கிராம வளர்ச்சிப் பணியில் ஈடுபடுவோருக்குத் தக்க பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பது, 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட காலம் முதலே ஒப்புக்கொள்ளப்பட்டு வந்துள்ள கொள்கையாகும். மேட்டுப்பாளையம் வட்டாரத்திலிருந்து இத்தகைய பயிற்சிகளுக்குச் செல்வோர் பலர். சிலர் சிறுமுகை வழியாகப் பஸ் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பவானிசாகர் மண்டல ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையத்திற்குச் செல்கின்றனர். சிலர் இரவு நீலகிரி விரைவு வண்டியில் சென்னை சென்று, அங்கிருந்து மறைமலைநகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தை அடைகின்றனர். உழவர்களோ கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை நாடுகின்றனர்.

புறப்படும் முன் அவர்களிடம் நாம் சிலவற்றைத் தவறாமல் வினவுவது வழக்கம். அழைப்புக் கடிதம் இருக்கிறதா, அடையாள அட்டை எடுத்தாயிற்றா, குறிப்பேடு வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்போம். ஆனால் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அந்த நான்கைந்து நாட்களில் உடலை எவ்வாறு பேணுவீர்கள் என்பதே அது. அதனைப் பற்றியே இப்பாடத்தில் ஆராய்வோம்.

உழைத்த உடல் உட்கார்ந்தால்

நம் பகுதி உழவர் ஒருவரின் ஒரு நாளை நோக்குவோம். விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீனி வைக்கிறார். தோட்டத்திற்கு நடந்து செல்கிறார். வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறார், மண்வெட்டி பிடிக்கிறார், கறிவேப்பிலைக் கட்டு சுமக்கிறார். பொழுது சாயும்வரை அவர் கால்களுக்கு ஓய்வு இல்லை. அதே மனிதர் பயிற்சி நிலையத்தில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இடையிடையே தேநீரும் பலகாரமும் வருகின்றன. நண்பகலில் வயிறார உணவு. மாலையில் விடுதிக் கட்டில். உணவு குறையவில்லை, உழைப்பு மட்டும் அடியோடு நின்றுவிட்டது.

இயங்கும்போது நம் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாகக் கொள்கின்றன. இயக்கம் நின்றால் அந்தச் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. நெடுநேரம் தொங்கவிட்ட கால்களில் நீர் கோத்து வீக்கம் காண்கிறது. பிற்பகலில் கண் செருகுகிறது; இரவில் உறக்கம் வருவதில்லை.

இதனை விளக்கும் ஆராய்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். இலண்டன் மாநகரின் மாடி பஸ்களில் பணிபுரிந்தவர்களை ஜெரிமி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநரும் நடத்துனரும் ஒரே வண்டியில் செல்பவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துனரோ சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஓயாது ஏறி இறங்குவார். நடத்துனர்களைக் காட்டிலும் ஓட்டுநர்களையே மாரடைப்பு மிகுதியாகத் தாக்கியது என்பது புலனாயிற்று. உடல் இயக்கத்திற்கும் நெஞ்சு நலத்திற்கும் உள்ள தொடர்பை உலகம் உணர்வதற்கு இவ்வாராய்ச்சி வழிகோலியது.

நான்கைந்து நாட்களில் மாரடைப்பு வந்துவிடும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆனால் இன்று கிராமங்களிலும் சர்க்கரை நோய் பரவிவிட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பயிற்சிக்குச் செல்லும் நடுத்தர வயதினரிடையே இந்நோய் உள்ளவர்கள் இருப்பது இயல்பே. அவர்களுக்கு ஒரு வாரச் சோம்பலும் தீங்கு செய்யக்கூடும்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், நம் பகுதி வார்டு உறுப்பினர் ஒருவரை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பி வைத்தோம். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சிறிய வாழைத் தோட்டம் உடையவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். தோட்ட வேலையினால் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தார். பயிற்சி முடிந்து திரும்பியபின் நடந்த கிராம சபையில், குடிநீர்க் கட்டணக் கணக்கைப் பற்றிப் பெண்கள் சிலர் வினா எழுப்பினர். பயிற்சி பெற்று வந்தவராயிற்றே என்று எல்லோரும் அவரை நோக்கினர். அவர் தலை குனிந்தார். பின்னர் நம்மிடம் தனியே வந்து, "ஏனுங்க, மறைக்கிறதுக்கு என்ன இருக்குது? அந்தப் பாடம் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்ததுங்க. நான் தூங்கிப் போட்டனுங்க" என்றார்.

அத்துடன் முடியவில்லை. ஐந்து நாள் சும்மா இருந்தவர், ஊர் திரும்பிய மறுநாளே வாழைத்தார் சுமக்கத் தலைப்பட்டார். இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தார். அறுவடை நேரத்தில் கூலி ஆள் வைக்க நேர்ந்தது.

இதில் குறை அவருடையது மட்டுமன்று. அனுப்பிய நாமும் எச்சரிக்கையாக ஒரு சொல் சொல்லவில்லை. அரசினர் பணமும், அவருடைய ஐந்து நாட்களும், ஊரார் நம்பிக்கையும் அதனால் வீணாயின. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். உடல் தளர்ந்தால் பாடம் மனத்தில் பதியாது.

பிரயாணத்தின்போது

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பிரயாணம் செய்வோருக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் தெரிவித்தது. இது அரிதாகவே நிகழ்வது. எனினும் தடுப்பது எளிது. இரயிலில் செல்வோர், உறங்கும் நேரம் தவிர, மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் சிறிது நடக்கலாம். பஸ்ஸில் இருப்போர் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்தியும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தியும் இருபது முறை செய்யலாம். போதிய தண்ணீர் பருக வேண்டும். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று அஞ்சித் தண்ணீரைத் தவிர்ப்பது, குறிப்பாகப் பெண்களிடையே காணப்படும் வழக்கம், அது நல்லதன்று. வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி வசதி செய்துகொள்ளலாம். ஓடும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் ஒருபோதும் கூடாது.

விடுதியில் தங்கும்போது

வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் இயக்கம் மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவிற்கு மூச்சு வாங்கும் நடையே மிதமான இயக்கம். பயிற்சி நாட்களில் இதனைப் பின்வருமாறு பங்கிடலாம்: காலையில் 20 நிமிடம், பகல் உணவுக்குப் பின் 10 நிமிடம், மாலையில் 15 நிமிடம். நாளொன்றுக்கு 45 நிமிடமாகிறது. ஐந்து நாட்களில் 225 நிமிடம். இதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை.

வாரத்தில் இரு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளி மீள்வதும் போதும். மாடிப்படி இருந்தால் அதைப் பயன்படுத்துக. உண்ட தட்டைத் தாமே கழுவுவதும், அறையைத் தாமே பெருக்குவதும் உடலுக்கு இயக்கம் தருவன; அவை இழிவல்ல. கையுழைப்பும் கல்வியும் பிரியலாகாது என்பதே 1937ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரம்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, பவானிசாகர் காட்டை ஒட்டிய ஊர். அதனை அடுத்த சத்தியமங்கலம் வனப்பகுதி 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அணையின் நீர்ப்பரப்பை நாடி யானைகள் வருகின்றன. ஆகையால் இருள் பிரியுமுன்னும் அந்தி சாய்ந்த பின்னும் வெளிச்சாலையில் நடத்தல் கூடாது. நிலைய வளாகத்திற்குள்ளேயே நடக்க வேண்டும். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் தோழர்களுக்கு அதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பழக்கமில்லாத ஆற்றிலோ வாய்க்காலிலோ நீந்தலாகாது. மேட்டுப்பாளையத்திலேயே, பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும்போது பவானியில் வெள்ளம் திடீரென உயர்வதை நாம் அறிவோம். கரையில் மழை இல்லை என்பதை நம்பி இறங்கி உயிரிழந்தோர் உண்டு.

மூன்றாவது, பெண் உறுப்பினர்கள் தனியே நடக்கத் தயங்குவது இயல்பு. மூவர் நால்வராகச் சேர்ந்து நடக்கலாம். விடுதித் தாழ்வாரமே போதும். அவ்வாறு நடக்கையில் ஓர் ஊர்ப் பெண்கள் மற்றோர் ஊர்ப் பெண்களிடமிருந்து அறிந்துகொள்வன, வகுப்பில் கற்பவற்றிற்குக் குறைந்தவையல்ல.

வகுப்பறையில்

அரைமணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு நிமிடம் எழுந்து நிற்கப் பயிற்றுநரின் அனுமதியைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறலாம். கூச்சம் வேண்டாம், பயிற்றுநருக்கும் அது உதவும். பின்வரிசையில் சுவரோரம் நின்று கேட்பதிலும் தவறில்லை. பகல் உணவில் சோற்றைச் சற்றுக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுக. உண்டவுடன் படுக்காமல் பத்து நிமிடம் நடப்போருக்குச் சர்க்கரை அளவு திடீரென ஏறுவது குறையும், உறக்கமும் விலகும். நம் வார்டு உறுப்பினருக்கு அன்று தேவைப்பட்டது அந்தப் பத்து நிமிடமே.

நடந்தே கற்கலாம்

கால்களால் கற்கும் பாடமும் உண்டு. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதற்கு முன், ஊரின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை மக்களுடன் நடந்து, வடிகால், கிணறு, தெருவிளக்கு, தரிசு நிலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் முறை பயிற்சிகளில் கற்பிக்கப்படுகிறது. இதில் மரத்தடியில் நின்றுவிடாமல் இறுதிவரை நடப்பவரே ஊரின் தேவைகளை முழுமையாக அறிகிறார்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதற்கு ஏற்ற இடம். அவ்வூராட்சி, தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவிப் புகழ் பெற்றது. இதனை அறிந்து பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பார்வையாளர்கள் வந்தனர். அத்தகைய ஊருக்குச் செல்வோர் வண்டியிலிருந்தபடியே பார்த்துத் திரும்பினால் ஒரு புகைப்படம் மட்டுமே மிஞ்சும். தெருத்தெருவாக நடந்து, குடிநீர்த் தொட்டியையும் குடியிருப்புகளையும் கண்டு, வீட்டுக்காரரிடம் பேசி வந்தால் தம் ஊருக்கு ஏற்ற ஒரு யோசனை கிடைக்கும்.

நோயுற்றோர் கவனத்திற்கு

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்போர், பயிற்சி நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளுடன் இரண்டு நாளைக்குக் கூடுதலாகவும் எடுத்துச் செல்க. 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் மருந்து பெறுவோர், புறப்படுமுன் சுகாதாரப் பணியாளரிடம் பிரயாணத்தைத் தெரிவித்தல் நலம். இன்சுலின் போடுவோரும், சிலவகை மாத்திரை உண்போரும் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடந்தால் மயக்கம் வரலாம். அவர்கள் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நின்று மருத்துவ உதவி பெறுக. 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஊர் திரும்பிய பின்

திரும்பிய முதல் நாள் பாரம் தூக்க வேண்டாம். நீர் பாய்ச்சுதல், களை எடுத்தல் போன்ற இலேசான வேலையில் தொடங்கி, மூன்றாம் நாள் முதல் சுமை தூக்கலாம். பயிற்சியில் உடலை இயக்கத்தில் வைத்திருந்தவருக்கு இது எளிதாகும்.

பாடச் சுருக்கம்

1. பிரயாணத்தில் மணிக்கு ஒருமுறை கால்களை அசைக்கவும்.
2. நாளொன்றுக்கு 45 நிமிடம் மூன்று வேளையாக நடக்கவும்.
3. பகல் உணவுக்குப் பின் பத்து நிமிட நடையை விடலாகாது.
4. காட்டோரத்திலும் ஆற்றிலும் துணிச்சல் வேண்டாம்.
5. கிராமப் பார்வையின்போது முழு ஊரையும் நடந்து காண்க.
6. மருந்தை நிறுத்தலாகாது.

கூடிப் பேசுவதற்கு வினாக்கள்

1. உங்கள் ஊரிலிருந்து கடைசியாகப் பயிற்சிக்குச் சென்றவர் யார்? அவர் கற்றுவந்தவற்றைக் கிராம சபையில் எடுத்துரைத்தாரா?
2. அடுத்து ஒருவரை அனுப்புகையில் என்னென்ன சொல்லி அனுப்புவீர்கள்?
3. பயிற்சி நிலையத்தார் செய்ய வேண்டிய வசதிகள் எவை?

அந்த வார்டு உறுப்பினர் பின்னர் மற்றொரு பயிற்சிக்குச் சென்றார். பகல் உணவு முடிந்ததும் தோழர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு வளாகத்தை இருமுறை சுற்றி வந்ததாகக் கூறினார். திரும்பி வந்து கிராம சபையில் குடிநீர்க் கட்டணக் கணக்கை அவரே படித்து விளக்கினார். முன்பு வினா எழுப்பிய பெண்கள் இப்போதும் வினா எழுப்பினர். அவர் நின்று விடை சொன்னார். பயிற்சியின் பயன் இதுவே.