டீசலில் ஊதும் ரப்பர்
கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் விவசாயிகள் சிலர், "நாங்கள் விற்கும் ஷீட்டிலிருந்துதானே வாஷர் செய்கிறார்கள்? டீசல் பட்டால் அது ஏன் ஊதுகிறது?" என்று கேட்பதுண்டு.

ஷீட்டில் மெல்லிய துண்டு ஒன்றையும் ஒரு ரப்பர் பாண்டையும் டீசலில் மூன்று நாள் ஊறவைத்துப் பார்க்கலாம் (அடுப்பருகே வேண்டாம்). ஷீட் கொழகொழத்து உருவழியும். பாண்ட் உப்பும், ஆனால் கரையாது.

பச்சை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் தனித்தனி நூல்களாகச் சிக்கிக் கிடப்பவை. எண்ணெய் புகுந்தால் விலகிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், மீன் வலையின் முடிச்சுகள்போல, அவற்றினிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுகின்றன. 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறை இதுவே. வலை விரியும் அளவுக்குத்தான் எண்ணெய் உள்ளே செல்லும். முடிச்சு கூடக்கூட ரப்பர் விறைக்கும், ஊதுவதும் குறையும்.

அப்படியானால் கந்தகத்தை அள்ளிப் போடலாமே எனத் தோன்றும். 100 பங்கு ரப்பருக்கு 2 அல்லது 3 பங்கு கந்தகம் சேர்த்தால் நன்கு இழுபடும். 30 பங்கைத் தாண்டினால் எபோனைட் என்னும் கட்டைதான் கிடைக்கும். அது வாஷருக்கு உதவாது. எனவே டீசல் படும் இணைப்புகளுக்கு நைட்ரைல் ரப்பர் வாஷர் என்று கேட்டு வாங்குவது நல்லது. தண்ணீர்க் குழாய்க்கு நம் ரப்பரே போதும்.